ஜாகுவார் இ-டைப், பழைய போர்ஷே 911: எது வேகம், எது விலை நிற்கும், எதைப் பார்த்து வாங்குவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இ-டைப் என்று சொல்வது பெரும்பாலும் 1961 முதல் 1968 வரை வந்த முதல் சீரிஸ். 911 என்று சொல்வது 1964 முதல் 1973 வரை, பெரிய பம்பர் வருவதற்கு முன் வந்தவை. மற்றவை தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வரும்.

இரண்டையும் ஒப்பிடுவதே சரியா? ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே?

அமைப்பில் சம்பந்தமில்லை என்பது உண்மைதான். இ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் வெளிவந்தது. முன்னால் நீளமான பானெட், அதற்குள் தண்ணீரால் குளிரும் ஆறு சிலிண்டர் வரிசை இன்ஜின். விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் அதன் உருவத்தைக் கணக்குப் போட்டு வரைந்தார். 911 இரண்டரை ஆண்டு கழித்து, 1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட்டில் 901 என்ற பெயரில் காட்டப்பட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர் தங்களுடையது என்று பெஜோ சொன்னதால் 911 ஆனது. அதன் இன்ஜின் பின்னால் இருக்கிறது, காற்றால் குளிர்வது, மூன்றும் மூன்றுமாகப் படுத்த ஆறு சிலிண்டர்.

ஆனால் கையில் ஒரு தொகையை வைத்துக்கொண்டு அறுபதுகளின் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஆகவே ஒப்பிட்டே ஆக வேண்டும்.

நேர்ச்சாலையில் எது வேகம்?

இ-டைப். அதில் சந்தேகம் வேண்டாம். 3.8 லிட்டர் இ-டைப் மணிக்கு 97 கி.மீ. வேகத்தை ஏறக்குறைய 7 நொடியில் தொடும். முதல் 911 இரண்டு லிட்டர்தான், 130 குதிரைத்திறன், 100 கி.மீ. தொட 9 நொடிக்கு மேல் ஆகும், உச்ச வேகம் 210. 1967 மாடலாக வந்த 911 எஸ் 160 குதிரைத்திறனும் 225 கி.மீ. வேகமும் கொண்டது. 1973 கரேரா ஆர்எஸ் 2.7 பிக்கப்பில் இ-டைப்பைத் தெளிவாகத் தாண்டியது: 210 குதிரைத்திறன், 100 கி.மீ. தொட 6 நொடிக்கும் குறைவு.

விளம்பரங்களில் காணும் இரண்டு எண்களை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒன்று, இ-டைப்பின் 265 குதிரைத்திறன். அது அக்கால அளவை முறை: விசிறி, டைனமோ, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் மாட்டாமல் இன்ஜினை மட்டும் மேசையில் ஓட்டி அளந்தது. போர்ஷே சொன்ன 130 அப்படியல்ல. ஜெர்மன் முறையில், எல்லா இணைப்புகளும் பூட்டிய இன்ஜினில் அளந்தது. ஒரே முறையில் அளந்தால் இடைவெளி நன்றாகவே குறையும். இரண்டாவது, மணிக்கு 150 மைல் என்ற புகழ்பெற்ற வேகம். பத்திரிகைச் சோதனைக்காகத் தொழிற்சாலை தனிக் கவனத்தோடு தயார் செய்து கொடுத்த காரில் எடுத்தது அது. கடையில் வாங்கிய கார் அந்த எண்ணைத் தொடாவிட்டால் இன்ஜின் கெட்டுவிட்டது என்று பொருளில்லை.

வளைவிலும் பிரேக்கிலும்?

இங்கே கதை வேறு. முதல் 911 சுமார் 1,080 கிலோ. இ-டைப் 1,200 கிலோவுக்கு மேல். 911-ன் ஸ்டீரிங் லேசு, பிரேக் சீர், காருக்குள்ளிருந்து வெளியே எல்லாம் தெரியும். ஆனால் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பின்சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் பக்கம் சுழன்று முன்னால் வரப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்தபடி போவதுதான் முறை. தொழிற்சாலையே இதைச் சமாளிக்க ஆரம்பத்தில் முன் பம்பருக்குள் 11 கிலோ வார்ப்பிரும்பு எடை இரண்டு வைத்தது. 1969 மாடலில் சக்கர இடைவெளியை 2,211 மி.மீ.யிலிருந்து 2,268 மி.மீ. ஆக்கியபோதுதான் இது பெருமளவு அடங்கியது.

இ-டைப் நீண்ட பயணத்தில் சுகம். பின்சக்கரங்கள் தனித்தனியே இயங்குவதால் மோசமான சாலையிலும் குதிக்காது. பிரேக்தான் பலவீனம், குறிப்பாக 3.8-ல். அதன் பழைய பூஸ்டர் மிதித்தவுடன் உதவாது. பெடல் மரக்கட்டை போல இருக்கும். பின் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் டிஃபரன்ஷியலை ஒட்டி உள்ளே இருக்கின்றன. அந்தச் சூடு டிஃபரன்ஷியலின் ஆயில் சீலைக் கருக்கும். கசிந்த ஆயில் டிஸ்க்கில் படும். பின் பிரேக் பிடிக்காது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் பின் சஸ்பென்ஷன் கூண்டு முழுவதையும் இறக்க வேண்டும். விற்பவர் "பின் பிரேக் வேலை சின்னது" என்று சொன்னால் இதை நினைவில் வைத்து விலை பேசுங்கள்.

3.8 வாங்குவதா, 4.2 வாங்குவதா?

ஓட்டுவதற்கு 4.2. 1964 அக்டோபரில் வந்த இதில் சொன்ன குதிரைத்திறன் அதே 265தான். ஆனால் இழுவிசை கூடியது, முதல் கியருக்கும் சிங்க்ரோ (பல் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) வந்தது, பிரேக் பூஸ்டர் மாறியது, டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது, உட்காரக்கூடிய சீட்டும் வந்தது. 3.8-ன் மாஸ் கியர்பாக்ஸில் கார் முழுதாக நிற்காமல் முதல் கியரைப் போட்டால் பல் உரசும் சத்தம் கேட்கும்.

சேகரிப்புக்கு 3.8. அதிலும் 1961-ல் வந்த முதல் சில நூறு கார்களில் பானெட் பூட்டு வெளியே இருக்கும்; அதைத் திறக்கத் தனிச் சாவி வேண்டும். 1962 தொடக்கம் வரை தளத்தகடு சமமாக இருந்தது. பிறகு ஓட்டுநரின் குதிகாலுக்கு இடம் தர அதில் பள்ளம் அமைத்தார்கள். இந்த இரண்டு அடையாளத்துக்கும் தனி விலை உண்டு. அதனாலேயே பள்ளத்தை அடைத்துச் சமமாக்கி விற்கிற வேலையும் நடக்கிறது. சேஸி எண்ணோடு ஒத்துப் பார்க்காமல் தளத்தை நம்பாதீர்கள்.

911-ல் எந்த ஆண்டு?

அன்றாடம் ஓட்ட 1969 முதல் 1971 வரை வந்தவை: நீண்ட சக்கர இடைவெளி, 1970 முதல் 2.2 லிட்டர். 1972-ல் '2.4' என்ற பெயரோடு வந்தது உண்மையில் 2,341 சி.சி. அந்த ஆண்டில் மட்டும் ஆயில் ஊற்றும் மூடியை வலதுபுறக் கதவுக்குப் பின்னால் வெளியே வைத்தார்கள். பெட்ரோல் பங்கில் அதற்குள் பெட்ரோல் ஊற்றிவிட்டதால் அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். இன்று அந்த மூடியே ஓர் ஆண்டின் கையெழுத்து ஆகிவிட்டது.

911-ன் டி, இ, எஸ் என்ற மூன்று வகைகளில் எஸ்-க்குப் பெயர் அதிகம். ஆனால் அதன் சக்தி முழுவதும் 5,000 சுற்றுக்கு மேல்தான் வரும். நகரத்தில் டி இனிமையாக ஓடும். பாஷ் இயந்திர ஃபியூயல் இன்ஜெக்ஷன் பம்ப் உள்ள இ, எஸ் கார்களில் அந்தப் பம்ப் தேய்ந்திருந்தால் அதைச் சரிசெய்யும் கைகள் உலகிலேயே குறைவு. புகை, பெட்ரோல் வாடை, சூடான பிறகு ஸ்டார்ட் ஆக மறுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் பம்பைச் சந்தேகியுங்கள்.

வாங்குமுன் முதலில் எதைப் பார்ப்பது?

பாடியை. இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன், பெயின்ட்டின் பளபளப்புக்கு முன், பாடியை. இரண்டு காரிலும் இன்ஜின் வேலைக்கு ஒரு கணக்கு உண்டு, எங்கே முடியும் என்று சொல்லிவிடலாம். துருவுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. போர்ஷே துத்தநாகம் பூசிய தகடுக்கு முழுமையாக மாறியது 1976 மாடலில்தான்; அதற்கு முந்தைய 911 எல்லாம் துருவுக்குத் திறந்த வீடு.

காரை இரண்டு தூண் லிப்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு கைவிளக்கு, மெல்லிய துணி சுற்றிய காந்தம், மர உருளைப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவர் போதும். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே பட்டி இருக்கிறது. பிடியின் முனையால் தட்டினால் நல்ல தகடு கணீர் என்னும். பட்டியும் துருவும் மொத்தென்று அடங்கும்.

இ-டைப்பில் நடுப்பகுதி ஒரே தொட்டி. அதன் முன்சுவரில் சதுரக் குழாய்ச் சட்டங்களைப் போல்ட் போட்டு, அந்தச் சட்டத்தில் இன்ஜினும் முன் சஸ்பென்ஷனும் தொங்குகின்றன. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிதான் காரின் முதுகெலும்பு. அதைப் பார்த்த பிறகு, பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் தளத்தில் பூட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே தகடு உப்பியிருந்தால் காரை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். முன் சட்டக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும், மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும். இணைப்புகளில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்திருந்தால், அடிக்கும் முன் எடுத்த படங்களைக் கேளுங்கள்.

சில் மாற்றிய காரில் இன்னொரு சோதனை இருக்கிறது. வெட்டும் முன் கதவு இடைவெளியில் இரும்புத் தாங்கிகளை வெல்டிங் செய்து நிறுத்தாவிட்டால் தொட்டி நடுவில் தொய்ந்துவிடும். கதவின் பின் விளிம்பில் இடைவெளி மேலே ஒட்டியும் கீழே விரிந்தும் இருந்தால் அது நடந்திருக்கிறது. தொய்ந்த தொட்டியை நேராக்க எல்லாவற்றையும் திரும்ப வெட்ட வேண்டும்.

911-ல் முன் டிக்கியைத் திறந்து கம்பளத்தை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பாட்டரித் தட்டுகள், பெட்ரோல் டேங்கின் ஓரம், பிறகு கீழிருந்து முன் சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் குறுக்குத்தளம் என்று போகலாம். பாட்டரி ஆசிட்டும் சாலை உப்பும் சேர்ந்து அதை அரிக்கும். ஜாக்கி போடும் குழாயைச் சுற்றியுள்ள தகட்டை அழுத்திப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுத் தூணுக்குக் கீழே உள்ள மூலைதான் மிக மோசமான இடம். ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பியான பின் டார்ஷன் பாரின் குழாய் அங்கேதான் பாடியோடு சேர்கிறது. அந்தக் குழாயில் ஓட்டை விழுந்தால், புதுக்குழாயை அளவு ஜிக்கில் வைத்துத்தான் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரங்கள் இரண்டும் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

இன்ஜினை எப்படிச் சோதிப்பது?

இரண்டையும் குளிர்ந்த நிலையில் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஜாகுவார் இன்ஜின் சூடான பின் 3,000 சுற்றில் 40 பி.எஸ்.ஐ. ஆயில் பிரஷர் காட்ட வேண்டும். கீழே டைமிங் செயின் கரகரப்பு கேட்டால் கீழ்ச்செயின் டென்ஷனர் தேய்ந்திருக்கிறது. முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டிய வேலை. பின்புற கிரான்க் சீல் கயிறு வகை. ஒரு துளி இரண்டு துளி சொட்டுவது வழக்கம், குட்டையாகத் தேங்குவது வழக்கமில்லை. கிளட்ச் நழுவுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கிளட்ச் மாற்ற இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும்.

சூடேறும் பிரச்சினைக்கு ரேடியேட்டரை மட்டும் குற்றம் சொல்வார்கள். இரும்பு பிளாக்கின் பின் முனையில் பல ஆண்டுத் துருச்சேறு தேங்கி, பின்னால் உள்ள சிலிண்டர்களுக்குத் தண்ணீர் போகாமல் இருப்பதும் அதே அளவுக்குக் காரணம். வடிகால் டாப்பைக் கழற்றிக் கம்பியால் குத்திப் பாருங்கள். தண்ணீர் உடனே கொட்டாவிட்டால் விஷயம் தெரிந்துவிட்டது. 4.2-ல் சிலிண்டர்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தச் சூடு அவற்றின் இடையே பிளாக்கை வெடிக்க வைக்கும்.

911-ல் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கசிவு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20-ஐத் தாண்டினால் இன்ஜினைப் பிரிக்கும் செலவை விலையில் கழியுங்கள். சூடான பின் ஆயில் பிரஷர் 1,000 சுற்றுக்குச் சுமார் 1 பார் என்ற கணக்கில் ஏற வேண்டும். பல நாள் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு குப்பென்று நீலப்புகை வந்தால் பயப்பட வேண்டாம்; சிலிண்டர் படுத்த நிலையில் இருப்பதால் ஆயில் உள்ளே கசிந்து நிற்கும். ஓடும்போதும் புகை தொடர்ந்தால்தான் வால்வு கைடு, பிஸ்டன் ரிங் வேலை. 1968 மாடல் முதல் கிரான்க் பெட்டி மெக்னீசியம். சூட்டில், சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டின் மரை பெட்டியிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், 2.7-ல் இது மிக அதிகம். இன்ஜின் ஏற்கெனவே பிரித்துக் கட்டியது என்றால் 24 ஸ்டட்டுக்கும் எஃகு மரைக்கூடு போட்டிருக்கிறதா என்று பில்லில் பாருங்கள்.

எண்கள் ஒத்திருக்கின்றன என்று எப்படி உறுதி செய்வது?

இ-டைப்பில் தகட்டைப் பார்ப்பது தொடக்கம்தான். தகடு புதிதாக வாங்கக் கிடைக்கிறது. முன் சட்டத்தின் மேற்குறுக்கில் வலதுபக்கம் பஞ்ச் செய்த சேஸி எண்தான் உண்மை. 3.8-ல் வலதுபுற ஸ்டீரிங் திறந்த கார் 850001-லும், இடதுபுறம் 875001-லும் தொடங்கும்; கூரை மூடிய கூப்பே முறையே 860001, 885001. இப்போது வலதுபுற ஸ்டீரிங், ஆனால் எண் 87-ல் தொடங்குகிறது என்றால் இடதுபுற ஸ்டீரிங்கோடு பிறந்து பிறகு மாற்றப்பட்ட கார். அது குற்றமல்ல, ஆனால் பிறப்பிலேயே வலதுபுறமாக வந்த காரின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

இன்ஜின் எண் பிளாக்கிலும் ஹெட்டிலும் இரண்டு இடத்தில் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 3.8 இ-டைப்புக்கு 'ஆர்' அல்லது 'ஆர்ஏ', 4.2-க்கு '7இ' என்று தொடங்கும். '7டி' என்றால் அது மார்க் டென் பெரிய காரின் இன்ஜின். கடைசியில் கோடு போட்டு வரும் 8, 9 என்பவை கம்ப்ரஷன் விகிதம்.

911-ல் 1970 மாடல் முதல் சேஸி எண் பத்து இலக்கம், வாசிக்க எளிது: 911, அடுத்து மாடல் ஆண்டின் கடைசி இலக்கம், அதையடுத்து 1 என்றால் டி, 2 இ, 3 எஸ், 6 என்றால் கரேரா ஆர்எஸ். 91131 என்று தொடங்கும் காருக்கு வாத்துவால் ஸ்பாய்லர் பொருத்தி ஆர்எஸ் போல ஆக்கியிருக்கிறார்கள் என்றால் அது அழகான டி, அவ்வளவே. இன்ஜின் வகை எண்ணையும் பாருங்கள்: 2.2 எஸ் 911/02, 2.4 எஸ் 911/53, ஆர்எஸ் 911/83. முந்தைய கார்களில் சேஸி எண் 35 அல்லது 45 என்று தொடங்கும் ஆறிலக்கமாக இருந்தால் அது நான்கு சிலிண்டர் 912-ன் பாடி.

எண்ணைச் சுற்றியுள்ள தகட்டின் மேற்பரப்பு எண்ணைவிட அதிகம் சொல்லும். விரலால் தடவிப் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக, லேசாகப் பள்ளமாக இருந்தால் கிரைண்டர் பட்டிருக்கிறது.

எது விலை நிற்கும்?

சுமார் 72,500 இ-டைப்புகள் தயாராயின. ஆகவே வெறும் 'இ-டைப்' என்பது அரிய பொருள் அல்ல. எந்த இ-டைப் என்பதே கேள்வி. திறந்த கார் கூப்பேயைவிட மேல். வெளிப்பூட்டு, சமதளம், கண்ணாடியால் மூடிய ஹெட்லைட் என்று வரிசை இறங்கும். 1966-ல் வந்த நான்கு சீட் 2+2 கடைசியில் நிற்கும். அதன் சக்கர இடைவெளி 9 அங்குலம் நீண்டது, உருவம் கெட்டது. 1971-ன் 5.3 லிட்டர் வி12 ஓட்டச் சுகமானது, விலையில் முதல் சீரிஸுக்கு ஈடாகாது. உச்சியில் இருப்பவை 1963–64-ல் வந்த 12 அலுமினிய லைட்வெயிட் கார்கள்; 2017 ஜனவரியில் ஸ்காட்ஸ்டேல் ஏலத்தில் ஒன்று 73.7 லட்சம் டாலருக்குப் போனது.

911-ல் இது தலைகீழ்: கூப்பே மேல், திறக்கும் டார்கா கீழ். உச்சியில் 1973 ஆர்எஸ், மொத்தம் 1,580. அதில் எடை குறைத்த லைட்வெயிட் 200 மட்டும். அதற்கும் டூரிங் வகைக்கும் விலையில் பெரும் இடைவெளி உண்டு. அடுத்து எஸ், இ, டி, 912.

முதலீடு என்று மட்டும் பார்த்தால் எங்கள் தீர்ப்பு 911 எஸ் பக்கம். அதே உருவமும் பெயரும் இன்றும் தயாரிப்பில் இருப்பதால் புது வாங்குபவர்கள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறார்கள். இ-டைப்புக்கு அந்த வாரிசு இல்லை. ஆனால் 2010-க்குப் பிறகு ஏறிய 911 விலை 2015-ஐ ஒட்டி உச்சம் தொட்டுத் தணிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. டி-யையோ 2+2-வையோ முழுதாகப் புதுப்பித்தால் செலவு காரின் விலையைத் தாண்டும். ஆகவே வேறொருவர் பணம் போட்டு, படங்களோடும் பில்லோடும் முடித்த காரை வாங்குங்கள்.

நவீன பாகங்கள் போட்டால் மதிப்பு குறையுமா?

திருப்பி எடுக்கக்கூடியது என்றால் குறையாது. இ-டைப்புக்கு அலுமினிய ரேடியேட்டர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், 911-க்கு 1984-ல் வந்த ஆயில் பிரஷர் செயின் டென்ஷனர் ஆகியவை நல்ல மாற்றங்கள். பழைய டென்ஷனர் திடீரென்று அமுங்கினால் செயின் பல் தாவி, வால்வு பிஸ்டனில் மோதும். கழற்றிய பாகத்தைத் துடைத்து, பெயர் எழுதி, பெட்டியில் போட்டுக் காரோடு கொடுங்கள். வெட்டியோ வெல்டிங் செய்தோ மாற்றியது எதுவானாலும் மதிப்பை இறக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய வேலை எது?

911-ல் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி, சரிசெய்வது. 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, இன்ஜின் ஓர் இரவு முழுக்க ஆறிய பிறகு. கிரான்க் புல்லியில் 'இசட்1' குறியைப் பெட்டியின் இணைப்புக் கோட்டுக்கு நேராகக் கொண்டு வந்து, முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்வாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடாவிட்டால் ஒரு முழுச் சுற்று. இரண்டு வால்வுக்கும் 0.10 மி.மீ. தகடு லேசான உரசலோடு போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும், ஏனெனில் இறுக்கும்போது திருகு கொஞ்சம் நகரும். பிறகு 120 பாகை திருப்பி 6, அடுத்து 2, 4, 3, 5.

இ-டைப்பில் இதே வேலைக்குக் கேம்ஷாஃப்டைக் கழற்றி, அடியில் உள்ள ஷிம் என்ற சிறு அளவுத் தகட்டை மாற்ற வேண்டும், இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மி.மீ. செயின் கழன்ற நிலையில் கிரான்க்கையோ கேமையோ திருப்பினால் வால்வு வளையும். முதல் முறை செய்பவர் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் அளவும் வேறு: இ-டைப்புக்கு 8.5 லிட்டர், நின்றிருக்கும்போது பார்க்க வேண்டும். 911-ல் ஆயில் தனி டேங்கில் இருப்பதால், சூடான இன்ஜின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது சமதரையில் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்துக் குறைகிறது என்று ஊற்றினால் அதிகமாகிப் புகையும்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஊற்றலாமா?

பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். இந்தியப் பெட்ரோல் பங்குகளில் 20 வரை. இந்தக் கார்களின் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் சீல்களையும் அது உப்பவைத்து மென்மையாக்கும். இ-டைப்பின் மூன்று எஸ்யூ கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்தாலும், கசியும் பெட்ரோல் தீப்பிடிக்க ஒரு பொறி போதும். எத்தனால் தாங்கும் குழாய்களாக எல்லாவற்றையும் மாற்றி, மாற்றிய தேதியை எழுதி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் எத்தனால் குறைந்த உயர்ரகப் பெட்ரோலால் டேங்கை விளிம்புவரை நிரப்புங்கள்; காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் படிந்து டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.